மூன்றாவது ரோட்டில் ஒரு ரயில்வே கேட்

சேலையூர்,
தாம்பரம் கிழக்கு.
தேதி: 9/10, புதன்கிழமை.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மைத்துனன் சின்னப்பனுக்கு, உன் மாமா தாவீது அப்பாதுரை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்காள் ஞானம்மாளும் சுகம். செங்கல்பட்டில் நீயும் உன் மனைவி சரசுவும் உன் ஜாப் டைப்பிங் கடையும் அவ்வண்ணமே சுகமாய் இருக்க ஜெபிக்கிறோம். ஜெபம் இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. முதலில் கண்ணாடி இல்லாமல் பார்த்ததால் ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று சந்தோஷப்பட்டுவிட்டேன். கண்ணாடி போட்ட பிறகுதான் தெரிந்தது. கூடுவாஞ்சேரியில் இரண்டாவது கடை திறக்கப் போகிறாயாம், எனக்கு இரவலாகக் கொடுத்த கம்ப்யூட்டரை வருகிற சனிக்கிழமை வேன் கொண்டுவந்து எடுத்துக்கொள்வாயாம், அறுபத்தொரு வயதில் கார் ஓட்டி விளையாடத்தான் அதைக் கொடுத்தாயா, சபை அங்கத்தினர் பட்டியலை டைப் அடிக்கத்தானே கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறாய். சபைப் பட்டியலை நான் முதல் வாரத்திலேயே அடித்து முடித்துவிட்டேன் தம்பி. அதற்குப் பிறகு சபையில் மூன்று ஞானஸ்நானமும் ஒரு மரணமும்தான் நடந்தன. அந்த நாலு வரியை நான் இரண்டரை வருஷமாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரைத் தர மாட்டேன். வேன் வந்தால் வந்த வழியே திரும்பிப் போகும்.

இரவல் என்கிறாயே, அந்த வார்த்தை பெட்டியை வாசலில் இறக்கி வைத்தபோது உன் வாயில் வரவில்லை. ஏப்ரல் மாதம், ஈஸ்டருக்கு மறுவாரம் இரவலாகக் கொடுத்தேன் என்று இப்போது கணக்காக எழுதுகிறாய். அங்கேதான் நீ மாட்டிக்கொண்டாய். கம்ப்யூட்டரோடு கார் விளையாட்டின் தட்டு ஒன்றையும் கொடுத்தாயே, அந்த பிளாப்பி, அதன் மேல் உன் கையாலேயே காகிதம் ஒட்டி நீல மையில் தேதி எழுதியிருக்கிறாய். 1/2. பிப்ரவரி ஒன்று. எவனாவது இரவல் பொருளுக்குத் தேதி எழுதி ஒட்டுவானா? அன்பளிப்புக்குத்தான் ஒட்டுவான். உன் அக்காளும் உன் பக்கம் சாய்ந்துகொண்டு, “ஏப்ரல்தாங்க, அன்னிக்கி வெயில் தாங்காம அவனுக்கு ரெண்டு சொம்பு மோர் குடுத்தேன்” என்கிறாள். மனுஷர் ஞாபகம் மோரோடு போய்விடும், காகிதம் போகாது. நான் ரயில்வேயில் இருந்தவன். எங்களுக்கு எழுத்தில் இருப்பதுதான் வேதம்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று உனக்குத் தோன்றும். சொல்கிறேன், சிரிக்காமல் படி. அந்த விளையாட்டில் மூன்று ரோடுகள் உண்டு. முதல் ரோடு ஊருக்குள், இரண்டாவது மலை மேல். இரண்டையும் தாண்டிவிட்டேன். மூன்றாவது ரோட்டில் பாதி வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. என் சிவப்புக் கார் அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம் விளக்கு சிமிட்டி, கேட் இறங்கி, எங்கிருந்தோ ஒரு நீளமான கூட்ஸ் வண்டி வருகிறது. நாற்பத்திரண்டு பெட்டி, எண்ணியிருக்கிறேன். அது போய் முடிவதற்குள் நேரம் தீர்ந்து ஆட்டம் முடிந்துபோகிறது. “உடைச்சிக்கினு போயேன், யாரு கேக்கப் போறா” என்று உன் அக்காள் சொல்கிறாள். முப்பத்தொரு வருஷம் தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவில் மின்சார ரயில் ஓட்டியவன் மூடின கேட்டை உடைப்பானா? பொம்மைக் கேட்டாக இருந்தாலும் என் கை பிரேக்குக்குத்தான் போகிறது. குரோம்பேட்டை கேட்டில் எனக்காக எத்தனை ஆயிரம் பேர் சைக்கிளோடும் டிபன் பாக்ஸோடும் நின்று என்னைத் திட்டியிருப்பார்கள். அத்தனை பேர் சாபமும் ஒன்றாகச் சேர்ந்து என்னை இந்த மூன்றாவது ரோட்டில் நிற்க வைத்திருக்கிறது. ஓட்டிய காலத்திலும் எழுபது கிலோமீட்டருக்கு மேல் போக விட்டார்களா? எக்ஸ்பிரஸ் வருகிறது, நில். தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, மெதுவாகப் போ என்று காகிதம் காகிதமாகக் கொடுத்தார்கள். ரிடையர் ஆன அன்று, மாலையோடு என்னைக் கூட்டிப்போகச் சொந்தக்காரர்கள் பிளாட்பாரத்தில் நிற்க, பல்லாவரத்தில் சிக்னலுக்கு வெளியே என்னை இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தார்கள். மாலை வாடிவிட்டது. எனக்கு ஒரே ஒரு தடவை கேட் மூடுவதற்கு முன்னால் போக வேண்டும், சின்னப்பா. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இது ஆசைதான், ஒப்புக்கொள்கிறேன். அறுபத்தொரு வயதில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

கேட்டுக்கு நான் எப்போதும் லேட்டாகப் போவதற்குக் காரணம் என் ஓட்டு இல்லை, உன் மெஷின். கார் ஓடவில்லை, தவழ்கிறது. வளைவில் திருப்பினால் நான் திருப்பி முடித்து டீ குடித்த பிறகு அது திரும்புகிறது. அதனால் கேம்ப் ரோட்டில் டீவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பக்தவச்சலத்தைக் கூப்பிட்டேன். போன தீபாவளிக்குக் கடைப் பலகையில் ‘டீவி’க்குப் பக்கத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்று சேர்த்து எழுதியவன், ஆகவே அனுபவஸ்தன். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மெமரி பத்தல சார். மெமரி ஏத்தினா பிச்சிக்கினு ஓடும்” என்றான். ஏற்றினோம். ஒன்றும் பிய்க்கவில்லை. “அப்ப டிஸ்ப்ளே கார்டுதான் சார் பேஜார் பண்ணுது” என்றான். அதையும் மாற்றினோம். மரங்கள் முன்னைவிடப் பச்சையாகத் தெரிந்தன, வானம் நல்ல நீலமாக வந்தது, கார் மட்டும் பழைய வேகத்திலேயே போனதால் அந்தப் பச்சையை நிதானமாகப் பார்க்க முடிந்தது. பிறகு ஹார்ட் டிஸ்க்கை மாற்றினோம். பழையது ‘கர் கர்’ என்று சத்தம் போட்டது, புதியது போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விளையாட்டோ அந்தத் தட்டைப் போட்டால்தான் ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று பக்தவச்சலத்துக்கு அதை மாட்டி முடித்த பிறகு ஞாபகம் வந்தது.

அடுத்து கரண்டு. பக்கத்து வீட்டு பட்டாபிராமன், பாங்க்கில் இருக்கிறாரே அவர்தான், கிணற்று மோட்டாரைப் போட்டால் எங்கள் வீட்டில் டியூப் லைட் கண்ணடிக்கிறது. இதுதான் நோய் என்று கண்டுபிடித்து ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன், அதற்குப் பிறகும் மனசு கேட்காமல் அவரிடம் போய், “சார், காலை பத்திலிருந்து பதினொன்று வரை மோட்டார் போடாமல் இருக்க முடியுமா, நான் மூன்றாவது ரோட்டில் இருப்பேன்” என்றேன். அவர், “எந்த ரோடு சார், சேலையூர்லயா, ராஜகீழ்ப்பாக்கத்துலயா? ஏதாவது ப்ளாட் பார்க்கறேளா?” என்று கேட்டார். அவர் மனைவி அபிதகுஜாம்பாள் மாமி உள்ளேயிருந்து, “பாவம், ரிடையர் ஆனப்புறம் இப்படித்தான்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும். சூடு ஏறினால் மெஷின் தளரும் என்று யாரோ சொன்னதால் மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் பேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். உள்ளே ஒரு பல்லி குடியேறியது. அதை விரட்டப் போன உன் அக்காள் துடைப்பத்தால் கீ போர்டில் ஒன்று வைத்தாள். பல்லி தப்பித்துவிட்டது. வலது பக்கம் திருப்பும் பொத்தான்தான் போய்விட்டது. நாலு நாள் இடது பக்கம் மட்டும் திரும்பிக்கொண்டு ஓட்டினேன். பிறகு புது கீ போர்டு வாங்கினேன்.

மானிட்டர் கதை தனி. பதினேழு அங்குலத்தில் புதிது வந்ததால் உன் பழைய மானிட்டரை அறுப்புப் பண்டிகைக்குக் கோயிலில் காணிக்கையாக வைத்தேன். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் அதை ஏலம் விட்டார்கள். பாஸ்டர் மனைவி ஹில்டா அம்மா அதை டீவி என்று நினைத்து ஆசையாகக் கேட்டார்கள். அவர்களுக்கு மேல் ஒரு குரல் கேட்டுக்கொண்டே போனது. திரும்பிப் பார்த்தால் உன் அக்காள். “எந்தம்பி பொருளு, கண்டவங்க வூட்டுக்குப் போகக் கூடாது” என்று என் காணிக்கையை என் பணத்திலேயே திருப்பி வாங்கி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கர்த்தருக்குக் கொடுத்ததை வாபஸ் வாங்கிய ஒரே ரயில்வேக்காரன் நான்தான்.

ஆகவே சனிக்கிழமை நீ எதை எடுத்துக்கொண்டு போவாய் என்று யோசித்துப் பார். மெமரி என்னுடையது. டிஸ்ப்ளே கார்டு என்னுடையது. ஹார்ட் டிஸ்க், கீ போர்டு, மானிட்டர் எல்லாம் என்னுடையவை. உன்னுடைய பழைய சாமான்களை ஓர் அரிசிக் கோணியில் போட்டு வாயைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தாராளமாகத் தூக்கிக்கொண்டு போ. மீதி உன் பொருள் என்று பார்த்தால் தகரப் பெட்டியும் உள்ளே ஒரு பலகையும்தான். அந்தப் பலகையையும் மாற்றியிருப்பேன். பக்தவச்சலம், “போர்டு மாத்தினா மொத்தமும் மாத்தணும் சார், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்று சொன்னதால் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உன்னுடையது அந்தப் பெட்டியில் இருக்கிறது. பெட்டியை இறக்கிய அன்று முன்பக்கத்தில் ஒரு பட்டனைக் காட்டி நீ சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “மாமா, இது மேல மட்டும் கை வெக்காதீங்க. டர்போன்னு போட்டுகீது பாருங்க, மிக்சில மூணாம் நம்பர் மாதிரி. போட்டா கரண்ட்ட உறிஞ்சிடும், காயில் போயிடும்” என்று சொல்லி, அதன் மேல் மருந்துக் கடைப் பிளாஸ்திரி ஒட்டினாய். நம் வீடுகளில் மிக்சியின் மூணாம் நம்பரை யார் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்? இரண்டாம் நம்பரிலேயே தேங்காய் அரைத்து, மிக்சி இருபது வருஷம் வர வேண்டும் என்று நினைக்கிற ஜனங்கள் நாம். நான் அந்தப் பிளாஸ்திரியைத் தொடவில்லை. பக்தவச்சலம் ஒரு தடவை நகத்தால் நெருடியபோதுகூட, “கை எடு, அது மச்சான் போட்ட உத்தரவு” என்று அதட்டினேன். உன்னை எல்லாவற்றிலும் மீறுகிற இந்த மனுஷன் உன் ஒரே ஒரு வார்த்தையை இரண்டரை வருஷம் வேதவாக்காகக் காப்பாற்றியிருக்கிறான். எந்த மச்சானுக்கு இப்படி ஒரு மாமா கிடைப்பான்? அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து இரவல் என்கிறாய்.

முடிவாகச் சொல்கிறேன். சனிக்கிழமை நீ வேனோடு வராதே. வேன் இல்லாமலும் வராதே. கிறிஸ்துமஸுக்குக்கூட யோசித்து வா. உன் அக்காள் அழுதாலும் சரி, சாம்பாரை உப்பில்லாமல் வைத்தாலும் சரி, நான் அந்தக் கேட்டைத் தாண்டும்வரை இந்தப் பெட்டி சேலையூரை விட்டு அசையாது. எழுத்தில் பிப்ரவரி ஒன்று என்று இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் காட்டு.

சமாதானத்தின் தேவன் உன்னையும் உன் குடும்பத்தையும் உன் இரண்டு கடைகளையும் காப்பாராக. சரசுவுக்கு எங்கள் அன்பைச் சொல்லு. அவள் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் நன்றாக இருந்தது, அந்த விஷயத்தில் எனக்கு உங்கள் குடும்பத்தின் மேல் ஒரு மனஸ்தாபமும் இல்லை.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத,
தா. அப்பாதுரை,
மோட்டார்மேன் (ஓய்வு).

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். நான் தபால்தலை தேடப் போன நேரத்தில் உன் அக்காள், தம்பி வந்து எடுத்துப் போகும் பொருள் அழுக்காக இருக்கக் கூடாது என்று மண்ணெண்ணெய்த் துணியால் பெட்டியை அழுத்தித் துடைத்திருக்கிறாள். பிளாஸ்திரி கையோடு வந்துவிட்டது. பட்டன் ‘டக்’ என்று உள்ளே போய்விட்டது. காயில் எரிகிற வாசனைக்காக நானும் அவளும் மூக்கைப் பெட்டிக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். ஒன்றும் எரியவில்லை. சரி, போகிற உயிர் ஓட்டிப் பார்த்தே போகட்டும் என்று உட்கார்ந்தேன்.

கார் பறந்தது, சின்னப்பா. நான் திருப்பும்போதே திரும்பியது. ஊர் போனது, மலை போனது, மூன்றாவது ரோட்டில் கேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது விளக்கு அப்போதுதான் முதல் சிமிட்டு சிமிட்டியது. கேட் திறந்திருந்தது. நான் பிரேக்கைத் தேடுவதற்குள் தாண்டிவிட்டேன். பின்னால் கூட்ஸ் வண்டி வந்த சத்தம் கேட்டது, அது யாருக்காகவோ வந்தது, எனக்காக இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அக்காள் அதைப் பார்த்துவிட்டு, “இதுக்கா இத்தனை நாளு” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் ஏரி மாதிரி ஒன்று தெரிய ஆரம்பித்தது. பீர்க்கன்கரணை ஏரி மழைக்காலத்தில் இருக்குமே, அந்த மாதிரி. அவ்வளவுதான், திரை கறுத்துப்போய் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. பக்தவச்சலத்தை ஓடிவரச் சொன்னேன். அவன் படித்துவிட்டு, “ரெண்டாவது டிஸ்க்க போடுன்னு கேக்குது சார். எங்க அது?” என்றான். அப்படி ஒன்று கிடையாது என்றேன். அவன் தட்டை வெளியே எடுத்து அந்த நீல மை எழுத்தைக் காட்டி, “இன்னா சார், தெளிவா எழுதிகீறாங்க. ரெண்டுல ஒண்ணு” என்றான்.

ஏப்ரல்தான். மோர் கொடுத்ததும் உண்மைதான். இரவல்தான் என்று இதன் மூலம் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். உன் கடையில் எல்லா மெஷின்களிலும் அதே பிளாஸ்திரி இருப்பதாக உன் அக்காள் சொல்கிறாள். அதை உரித்துப் பார், இரண்டாவது கடைக்குத் தேவையே இல்லாமல் போனாலும் போகும்.

மெஷினை அணைத்தால் மறுபடியும் முதல் ரோட்டிலிருந்து வர வேண்டும் என்பதால் அணைக்காமல் வைத்திருக்கிறேன். எனக்காக மோட்டார் போடாமல் பட்டாபிராமன் சார் குளிப்பதையே தள்ளி வைத்திருக்கிறார். இந்தக் கடிதம் தபாலில் வந்தால் தாமதமாகும் என்று மாலை செங்கல்பட்டு ரயிலில் கார்டாகப் போகும் வேதசிரோமணி கையில் கொடுத்து அனுப்புகிறேன், என்னோடு வேலை பார்த்தவர், நேராக உன் கடைக்கே கொண்டுவருவார். சனிக்கிழமை வரை காத்திருக்காதே. நாளைக் காலை முதல் வண்டியில் வா. வேன் வேண்டாம், சட்டைப் பையில் அந்த இன்னொரு தட்டு இருந்தால் போதும். அதன் மேல் 2/2 என்று எழுதியிருக்கும். பிப்ரவரி இரண்டு என்று நினைத்து எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடாதே.